வேகம் வேறுபட்ட நினைவகங்களின் சேர்க்கை

ஏடும் எழுத்தாணியும் முன்னாளிற் கற்றோர்க்கு எவ்வாறு இன்றியமையாதனவாய் இருந்தனவோ, அவ்வாறே இந்நாளில் மடிக்கணினி கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் இன்றியமையாத கருவியாயிற்று. கருவி யாதாயினும் காலத்தாற் பழமையுறுதல் இயல்பு. ஆயினும், ஐந்தாறு ஆண்டு கையாண்ட மடிக்கணினி தளர்ந்து நடப்பதற்கு அதன் உறுப்புகள் தேய்ந்தமை பெரும்பாலும் காரணமன்று; அதன்மேல் ஏற்றப்படும் சுமை பெருகியமையே காரணமாகும். முன்னர்க் கட்டுரை ஒன்றைத் தட்டெழுதுதற்கு மட்டும் பயன்பட்ட பொறியில், இன்று இணையப் பக்கங்கள் இருபதும் காணொளி வகுப்பொன்றும் ஒருங்கே திறந்து கிடக்கின்றன. அப்பொறியை முற்றாக நீக்கிப் புதியதொன்று வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. அதன் நினைவகத்தை மட்டும் பெருக்கிக்கொள்ளுதல் சிறிய செலவிற் பெரிய பயன் தரும் வழியாகும்.

அவ்வழியிற் புகுவோர்க்கு முதற்கண் எழும் ஐயம் ஒன்றுண்டு. கணினியில் முன்னரே உள்ள நினைவகம் ஒரு வேகத்தினது. கடையில் இப்பொழுது கிடைப்பது வேறொரு வேகத்தினது. இவ்விரண்டையும் ஒரு பொறியில் ஒருங்கு பூட்டலாமோ? பூட்டினால் விரைவானது மெதுவானதை இழுத்துச் செல்லுமோ, மெதுவானது விரைவானதைப் பின்னிழுக்குமோ, அன்றி இரண்டும் கெடுமோ? ‘ஒருபோதும் கலத்தலாகாது, பழையதை எறிந்துவிட்டு இரண்டையும் புதிதாக வாங்குக’ என்பர் ஒருசாரார். ‘செருகினாற் பொருந்துவது எதுவாயினும் ஓடும்’ என்பர் மற்றொருசாரார். காரணங் காட்டாத இவ்விரு கூற்றும் முழுதும் ஏற்கத்தக்கன அல்ல. நினைவகத்தின் வேகம் என்று சொல்லப்படுவது உண்மையில் யாது என்பதைத் தெளிந்துகொள்ளின், ஏனைய ஐயங்கள் தாமே நீங்கும்.

நினைவகத்தின் இயல்பு

கணினியின் நினைவகம் இருவகைப்படும். மின்னை நிறுத்திய பின்னும் பதிந்ததை இழவாது காப்பது ஒன்று; வன்தட்டும் திண்மநிலைச் சேமிப்பகமும் இவ்வகையின. மின் உள்ளவரையே பதிந்ததைத் தாங்குவது மற்றொன்று. இதுவே ‘றாம்’ என யாவரும் வழங்கும் முதன்மை நினைவகம். முன்னையதை நூல்கள் அடுக்கிய அலுமாரிக்கும், பின்னையதை அந்நூல்களை விரித்துவைத்து எழுதும் மேசைக்கும் ஒப்பிடலாம். மேசை சிறிதாயின், வேண்டும் நூலை எடுப்பதற்காக விரித்த நூலொன்றை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு வருதல் வேண்டும். எழுதுவோனின் கை எத்துணை விரைவுடையதாயினும், அவன் காலம் நடையிலேயே கழிந்துவிடும்.

அந்நடையின் நீளத்தை எண்ணாற் கூறின் அதன் கொடுமை விளங்கும். முதன்மை நினைவகத்திலிருந்து மையச் செயலி ஒரு செய்தியைப் பெறுதற்கு ஏறத்தாழ 100 நனோசெக்கன் செல்லும். திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து பெறுதற்கு ஏறத்தாழ 100 மைக்கிரோசெக்கனும், சுழலும் வன்தட்டிலிருந்து பெறுதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கனும் செல்லும். எனவே, நினைவகத்தோடு ஒப்பிடின் முன்னது ஆயிரம் மடங்கும் பின்னது நூறாயிரம் மடங்கும் தாமதமுடையன. நினைவகம் போதாத கணினி, எஞ்சியவற்றைச் சேமிப்பகத்தில் வைத்து வைத்து மீள எடுத்துக்கொள்கின்றது. பழைய மடிக்கணினி மூச்சுத் திணறுவது போல நிற்கும் வேளைகளிற் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. இவ்வொப்பீட்டை மனத்திற் கொள்ளுதல் பின்னர் வரும் முடிவிற்கு வேண்டற்பாலது.

இனி, முதன்மை நினைவகத்தின் உள்ளமைப்பு வருமாறு. ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் கொண்டு ஒரு பிற்றுச் செய்தியைச் சேமிக்கும் முறையைக் கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. கொள்ளளவியில் ஏற்றம் இருப்பின் ஒன்று, இல்லையேற் பூச்சியம். அவ்வேற்றமோ ஓட்டைக் குடத்து நீர்போல ஒழுகிக்கொண்டிருப்பது. ஆதலால் ஒவ்வொரு நிரையையும் 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை வாசித்து மீள நிரப்புதல் வேண்டும். இத்தகைய கோடிக்கணக்கான அறைகளைக் கொண்ட சில்லுகள் சிலவற்றை ஒரு சிறு பலகையிற் பதித்ததே நினைவகத் தகடாகும். கடைவழக்கில் இதனை ‘றாம் காட்’ என்பர்.

வேகம் என்பது யாது?

நினைவகத் தகட்டிற்குத் தனக்கெனக் கடிகாரம் இல்லை. இவ்வொன்றை அறிந்தோர் இப்பொருளிற் பாதியை அறிந்தவராவர். தாளத்தை இடுவது மையச் செயலியினுள் அமைந்த நினைவகக் கட்டுப்படுத்தி. அத்தாளத்திற்கு இயைய நடப்பதே தகட்டின் தொழில். இசையரங்கிற் பாடுவோர் ஒரு காலப்பிரமாணத்தை வகுத்துக்கொள்ள, பக்கவாத்தியங்கள் அதனைத் தழுவிச் செல்லுதல் போல்வது இது. கடுகிய காலத்தில் வாசிக்க வல்ல மிருதங்க வித்துவான் ஒருவர், பாட்டு விளம்ப காலத்திற் செல்லும்போது தாம் மட்டும் முந்தி ஓடுதல் இல்லை. அவருடைய வல்லமை குன்றவில்லை, அது அவ்வேளை வேண்டப்படவில்லை, அவ்வளவே.

ஆகவே, தகட்டின்மேற் பொறித்த 2133, 2400, 2666, 3200 என்னும் எண் அத்தகடு ஓடும் வேகத்தைக் குறிப்பதன்று. அது தாங்கவல்ல உச்ச வேகத்தைக் குறிப்பதாகும். பாலத்தின் முகப்பில் எழுதிய பாரவரம்பு, அப்பாலத்தின்மேல் எந்நாளும் அத்துணைப் பாரம் செல்கின்றது என்று காட்டாதவாறு போல, இதனையுங் கொள்க.

அவ்வெண்ணின் பொருளையும் ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். ‘டி.டி.ஆர்.’ என்னும் குறியீடு இரட்டைத் தரவு வீதம் என்று பொருள்படும். கடிகாரத் துடிப்பு ஒன்றில் ஏற்றமும் இறக்கமும் உள. பழைய நினைவகங்கள் துடிப்பு ஒன்றிற்கு ஒருமுறையே செய்தியைக் கைமாற்றின. டி.டி.ஆர். நினைவகங்கள் ஏற்றத்தில் ஒருமுறையும் இறக்கத்தில் ஒருமுறையுமாக இருமுறை கைமாற்றுகின்றன. தாளம் மாறாதிருக்க அதே சாகித்தியத்தை இரண்டாங் காலத்திற் பாடுவதற்கு இது நிகராகும். ஆதலின் 2400 எனப்படும் தகட்டின் கடிகார மீடிறன் உண்மையில் 1200 மெகாஹேட்ஸ். செக்கனுக்கு நிகழும் கைமாற்றங்களே 2400 மில்லியன். ஒவ்வொரு கைமாற்றத்திலும் 64 பிற்று, அஃதாவது 8 பைற்று செல்லுமாதலின், 2400ஐ 8ஆற் பெருக்க 19,200 மெகாபைற்று என்னும் உச்ச வீதம் பெறப்படும். இம்முறையே 2133 தகட்டிற்கு 17,066 மெகாபைற்றும், 3200 தகட்டிற்கு 25,600 மெகாபைற்றும் உச்சமாகும்.

சேர்க்கையின்கண் நிகழ்வது

ஒவ்வொரு தகட்டிலும் நினைவகச் சில்லுகளையன்றி மிகச் சிறிய சில்லொன்றும் உண்டு. அத்தகட்டின் கொள்ளளவு யாது, அது தாங்கும் உச்ச வேகம் யாது, ஒவ்வொரு செயலுக்கும் வேண்டிய குறைந்த காலம் யாது என்னும் விவரங்கள் அதிற் பதிக்கப்பட்டுள்ளன. சாதகக் குறிப்பைப் போன்ற இவ்வேடு டி.டி.ஆர். 4 தகடுகளில் 512 பைற்று அளவினது. கணினியைத் தொடக்கியவுடன், விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமைகள் தோன்றுமுன்னரே, பயோஸ் என்னும் அடிப்படை நிரல் தகடுகள் எல்லாவற்றின் குறிப்பேடுகளையும் வாசிக்கின்றது. வாசித்தபின், யாவும் தாங்கக்கூடிய ஒரு வேகத்தைத் துணிந்து, அவ்வேகத்திலேயே எல்லாவற்றையும் இயக்குகின்றது.

இதனாற் பெறப்படும் விதி எளியது. தகடுகளின் எல்லைகள், மையச் செயலியின் எல்லை ஆகியவற்றுள் எது சிறியதோ அதுவே கூட்டத்தின் வேகமாகும். நுகம் ஒன்றிற் பூட்டிய எருதுகள் இரண்டும் வேறு வேறு நடை நடத்தல் இயலாது. வண்டி மெல்ல நடக்கும் எருதின் நடையிலேயே செல்லும். ஆயினும் வண்டி செல்கின்றது என்பதும் மறக்கற்பாலதன்று.

எடுத்துக்காட்டாக, 2017இல் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ5-8250யூ என்னும் செயலியைக் கொள்க. மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற இச்செயலி டி.டி.ஆர். 4 நினைவகத்தை 2400 வரையே இயக்கும். இதில் முன்னரே 2400 தகடொன்று இருக்க, 3200 தகடொன்றைப் புதிதாகச் சேர்ப்பின் இரண்டும் 2400இல் ஓடும். ஈண்டுப் பழைய தகடு இழந்தது ஒன்றுமில்லை. புதிய தகடும் இழந்ததாகாது. இரண்டையும் 3200ஆகவே வாங்கியிருப்பினும் அச்செயலியில் அவை 2400இலேயே ஓடியிருக்கும். வேகம் வேறுபட்ட தகடுகளைக் கலந்தமையால் நட்டம் என்று எண்ணப்படுவது, இவ்வாறு பல இடங்களிற் செயலியின் எல்லையால் ஏற்பட்ட வெறுந் தோற்றமாகவே முடிகின்றது. பழையது 2133 ஆயின், அப்பொழுதே இரண்டும் 2133க்கு இறங்கும். அதுவே மெய்யான இழப்பு.

இங்கு நுட்பமானதொரு செய்தி உண்டு. வேகம் ஒன்றே தகட்டின் இயல்பன்று. ஒரு நிரையைத் திறத்தல், அதிலிருந்து செய்தி வெளிப்படுதல், நிரையை மூடுதல் என்னும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. பயோஸ் இவை ஒவ்வொன்றிலும் தகடுகளுள் எதற்கு மிகுந்த காலம் வேண்டுமோ அதனையே எல்லாவற்றிற்கும் விதிக்கின்றது. ஒரு தகடு மீடிறனிற் பிந்தியதாயினும் செயற்காலத்திற் குறுகியதாகவும், மற்றையது மீடிறனில் முந்தியதாயினும் செயற்காலத்தில் நீண்டதாகவும் இருத்தல் கூடும். அவ்விரண்டையும் சேர்ப்பின் முன்னதன் தாழ்ந்த மீடிறனும் பின்னதன் நீண்ட காலமும் கூட்டத்திற்கு வாய்க்கும். ஆகவே, கூட்டம் தன் உறுப்பினர் இருவரினும் சிறிது தாழ்ந்து நிற்றலும் இயல்வதே. மிகுவேகப் பயன்பாட்டிற்கெனத் தனிப்பட வடித்த தகடுகளிலேயே இவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றும். பொதுவாக விற்கப்படும் தகடுகளில் அது மிகச் சிறிது.

இழப்பும் ஊதியமும்

இழப்பு உண்டு என்பது நிறுவப்பட்டது. அஃது எத்துணை என்பதே அடுத்து அளத்தற்குரியது.

தகடுகளின் விவரத்திற் ‘சீ.எல்.’ என்னும் எழுத்துகளுடன் ஓர் எண் காணப்படும். நிரை திறந்த பின், செய்தியைக் கேட்டதற்கும் அது வெளிப்படுவதற்கும் இடையிற் செல்லும் துடிப்புகளின் தொகை அது. பொதுவான 2133 தகட்டிற்கு அது 15, 2400க்கு 17, 2666க்கு 19, 3200க்கு 22. எண் பெருகக் காண்போர் தாமதம் பெருகியது என மயங்குவர். வேகம் பெருகக் காண்போர் தாமதம் அருகியது என மயங்குவர். துடிப்பின் நீளத்தாற் பெருக்கிப் பார்ப்பின் இரு மயக்கமும் நீங்கும். முறையே 14.06, 14.17, 14.25, 13.75 நனோசெக்கன் என்பனவே விடை. நான்கும் ஏறத்தாழ ஒன்றே. கொள்ளளவியின் ஏற்றத்தை உணர்தற்கு வேண்டிய காலம் சில்லின் உள்ளியல்பாற் கட்டுண்டதாகலின், வெளிக்கடிகாரத்தைக் கடுக்கினும் அது பெரிதும் குறைவதில்லை. எனவே, 3200இலிருந்து 2400க்கு இறங்கிய தகடு முதற்செய்தியைத் தருவதில் ஏறக்குறைய முன்போலவே நடந்துகொள்ளும். தொடர்ந்து பெருந்தொகையாகச் செய்தி பாயும் இடத்தே மட்டும் பின்னடையும்.

2400இலிருந்து 2133க்கு இறங்குவதால் அப்பாய்ச்சலின் உச்சம் நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். கட்டுரை எழுதுதல், கணக்கேடு பேணுதல், இணையப் பக்கம் வாசித்தல் ஆகிய அன்றாடத் தொழில்கள் அவ்வுச்சத்தை அரிதாகவே தொடுவன. அதனால் இக்குறை கைக்குத் தெரியாது. மாறாக, நினைவகம் போதாமையால் நிகழும் குறை ஆயிரம் மடங்கினது, நூறாயிரம் மடங்கினது என்பது மேலே காட்டப்பட்டது. ஒன்று நடையில் ஓரடி குறைதல். மற்றொன்று வழியே அடைபட்டு நிற்றல். இவ்விரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுத்தல் பொருந்தாது.

இதனினும் வியக்கத்தக்கது இருதட முறையாகும். மடிக்கணினிச் செயலிகள் பெரும்பாலானவற்றில் நினைவகத்திற்குச் செல்லும் தடங்கள் இரண்டு. தகடு ஒன்றே இருப்பின் ஒரு தடம் வறிதே கிடக்கும். இரண்டு இருப்பின் இரு தடத்திலும் ஒருங்கே செய்தி பாயும்; உச்ச வீதம் இரட்டிக்கும். இப்பொழுது மேற்கூறிய செயலியையே மீண்டும் எடுத்துக்கொண்டு, அதில் 4 கிகாபைற்றுக் கொள்ளளவுள்ள 2133 தகடொன்று இருப்பதாகவும், மற்றைச் செருகுவாய் வெறுமையாய் உள்ளதாகவும் கொள்க. கையிலுள்ள பணத்திற்கு 8 கிகாபைற்றுத் தகடு ஒன்றே வாங்கலாகும். வழிகள் இரண்டு உள.

முதல் வழி, ‘கலப்பு ஆகாது’ என்னும் கூற்றை நம்பி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் பூட்டுதல். கிடைப்பது 8 கிகாபைற்று, தடம் ஒன்று, வேகம் 2400, உச்ச வீதம் 19,200 மெகாபைற்று.

இரண்டாம் வழி, பழையதை இருக்கவிட்டுப் புதியதை அருகிற் பூட்டுதல். கிடைப்பது 12 கிகாபைற்று. வேகம் 2133க்கு இறங்கும். ஆயினும் தடம் இரண்டாதலின் உச்ச வீதம் 34,133 மெகாபைற்றாகும். கொள்ளளவு ஒவ்வாத தகடுகளாயின் ஒத்த பகுதியளவே இருதடத்தில் நடக்கும். ஆதலால் நாலும் நாலுமாக 8 கிகாபைற்று இவ்வீதத்திலும், எஞ்சிய 4 கிகாபைற்று ஒரு தடத்தில் 17,066 மெகாபைற்று வீதத்திலும் இயங்கும்.

தாழ்ந்த வேகத்தவாகிய இரு தகடுகள், உயர்ந்த வேகத்ததாகிய ஒரு தகட்டை அளவாலும் பாய்ச்சலாலும் வென்றன. 3200இல் இயங்கவல்ல வேறொரு செயலியில் 3200 தகடு ஒன்று தனித்து நிற்பினும் அதன் உச்சம் 25,600 மெகாபைற்றே என்பதை ஒப்பு நோக்குக. தனியான காட்சிச் செயலி இன்றி, முதன்மை நினைவகத்தையே திரைக்காட்சிக்கும் பங்கிட்டுக் கொள்ளும் மடிக்கணினிகளில் இவ்வேறுபாடு காணொளியிலும் வரைகலையிலும் தெளிவாகப் புலப்படும்.

பழைய தகட்டைப் பேணுவதற்கு வேறொரு காரணமும் அண்மையில் எழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருந்தொகையாகக் கொள்வனவு செய்தமையால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் அவற்றின் விலை வெகுவாக ஏறிற்று. ‘குரூஷியல்’ என்னும் பெயரில் நுகர்வோர்க்குத் தகடு விற்றுவந்த மைக்கிரன் நிறுவனம், அவ்வணிகத்தைக் கைவிடுவதாக 2025 திசெம்பரில் அறிவித்தது. இத்தகைய காலத்தில் நல்ல நிலையிலுள்ள தகட்டை, அதன்மேற் பொறித்த எண் ஒவ்வாமை ஒன்றே காரணமாகக் குப்பையில் இடுதல் பொருளை வீணாக்குதலாகும்.

சேர்க்கலாகாதன

இதுகாறுங் கூறியவை ஒரே தலைமுறைக்குள் அமைந்த வேக வேறுபாடு பற்றியன. தலைமுறை வேறுபடின் சேர்க்கை என்பதே இல்லை. ‘ஜெடெக்’ என்னும் தர நிர்ணய அமைப்பு டி.டி.ஆர். 3இற்கான நியமத்தை 2007இலும், டி.டி.ஆர். 4இற்கானதை 2012இலும், டி.டி.ஆர். 5இற்கானதை 2020இலும் வெளியிட்டது. மடிக்கணினித் தகடுகளில் இவற்றின் தொடுமுனைகள் முறையே 204, 260, 262 ஆகும். தொடுமுனை விளிம்பில் உள்ள வெட்டும் தலைமுறைதோறும் இடம்மாறி அமைந்துள்ளது. மாறான தகடு செருகுவாயிற் புகாதிருக்கவே இவ்வேற்பாடு. புகாததை வலிந்து புகுத்துவோர் தகட்டையும் தாய்ப்பலகையையும் ஒருங்கே இழப்பர்.

வோல்ற்றளவும் நோக்கற்பாலது. டி.டி.ஆர். 3 1.5 வோல்ற்றிலும், டி.டி.ஆர். 4 1.2 வோல்ற்றிலும், டி.டி.ஆர். 5 1.1 வோல்ற்றிலும் இயங்குவன. இவற்றுள் டி.டி.ஆர். 3இற்கு மட்டும் 1.35 வோல்ற்றில் இயங்கும் ‘டி.டி.ஆர். 3எல்’ என்னும் கிளையொன்று உண்டு. இரண்டும் வடிவால் ஒத்தன. ஒரே செருகுவாயிற் பொருந்துவன. 1.35 வோல்ற்றுத் தகடு 1.5 வோல்ற்றிலும் இயங்கவல்லது. ஆனால் 1.5 வோல்ற்றே வேண்டும் தகடு, 1.35 வோல்ற்று மட்டும் வழங்கும் கணினியில் முறையாக இயங்காது. ‘செருகினாற் பொருந்துவது எதுவாயினும் ஓடும்’ என்னும் கூற்று ஈண்டே பொய்ப்படுகின்றது. பழைய மடிக்கணினிக்குத் தகடு தேடுவோர் ‘எல்’ என்னும் அவ்வோர் எழுத்தை நோக்காது வாங்குதல் ஆகாது.

இன்னும், மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றாசிட்டுப் பொருத்தப்பட்டுள்ளன. சிலவற்றில் அவற்றோடு செருகுவாய் ஒன்றும் உண்டு. அவ்விடத்து, பற்றாசிட்ட நினைவகத்தின் வேகத்தையே பழைய தகட்டின் வேகமாகக் கொண்டு மேற்கூறிய விதிகளைச் செலுத்துக. செருகுவாயே இல்லாதவற்றிற் பெருக்குதற்கு வழியில்லை. வாங்கும்போதே அளவை நிறுத்துக் கொள்ளுதல் ஒன்றே வழி. இக்குறையை நீக்கும் நோக்குடன், மெல்லிய கணினிகளிலும் கழற்றிப் பூட்டத்தக்க ‘காம் 2’ என்னும் புதிய தகட்டமைப்பிற்கு ஜெடெக் 2023 திசெம்பரில் நியமம் வகுத்துள்ளது.

பூட்டும் முறையும் சோதனையும்

தகடு வாங்குமுன் அறியவேண்டியவை நான்கு. அவை நினைவகத்தின் தலைமுறை, செருகுவாய்களின் தொகை, இப்போது ஓடும் வேகம், செயலி தாங்கும் உச்ச அளவு என்பன. விண்டோஸ் முறைமையில் ‘ராஸ்க் மனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்து நினைவகத்தை நோக்கின், வேகமும் நிரம்பிய செருகுவாய்களின் எண்ணும் காணப்படும். பெருகிய சுமையோடு கணினி தளரும் வேளையில் நினைவகம் எத்துணைப் பங்கு நிரம்பியுள்ளது என்பதையும் அங்கேயே காணலாம். பாதியளவே நிரம்பியிருக்கக் கணினி தளருமாயின் நோய் நினைவகத்ததன்று. புதிய தகடு அதற்கு மருந்தாகாது. வன்தட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகம் பூட்டுதல் அவ்விடத்துப் பெரும்பாலும் ஏற்ற பரிகாரமாகும்.

சில தகடுகளின் முகப்பெண் தனிப்பட்ட அமைப்பொன்றை ஏவினாலன்றி வாராத வேகத்தைக் குறிப்பதும் உண்டு. அவ்வமைப்பை வழங்காத மடிக்கணினிகளில் அவை தம் அடிப்படை வேகத்திலேயே ஓடும். ஆதலின், முகப்பெண்ணுக்காக மிகுபொருள் கொடுத்தல் வேண்டா. செருகுவாய்கள் இரண்டிற்கும் புதிதாகவே வாங்க வல்லவர், ஒருங்கு சோதித்து இணையாக விற்கப்படும் தகடுகளை வாங்குதல் நன்று. கலப்பு என்பது கையிலிருப்பதைப் பேணுவோர்க்கு உரிய வழியே.

பூட்டும்போது மின்னிணைப்பை நீக்கி, இயலுமாயின் மின்கலத் தொடர்பையும் கழற்றிவிடுக. உடலிற் படிந்த நிலைமின் சில்லுகளைக் கெடுக்குமாதலின், பூச்சற்ற உலோகமொன்றைத் தொட்டபின்னரே தகட்டைக் கையிலெடுக்க வேண்டும். அதனையும் ஓரத்திற் பிடித்தல் வேண்டும். வெட்டு ஒத்து நிற்கச் சரிவாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தின் இருபுறத்துக் கொளுவிகளும் தாமே பற்றிக்கொள்ளும். முதன்முறை தொடக்கும்போது திரை சிறிதுநேரம் இருண்டு கிடத்தலும் உண்டு. புதிய கூட்டத்தின் இயல்பைக் கணினி பயின்றுகொள்ளும் காலம் அது. அஞ்சி இடையில் மின்னை நிறுத்துதல் தகாது.

கணினி தொடங்கிவிட்டது என்பதோடு பணி முடிந்ததாகாது. ஓடுதல் வேறு, பிழையின்றி ஓடுதல் வேறு. மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றின் நினைவகம், தன்னிடத்தே ஒன்று பூச்சியமாய் மாறினும் அதனைச் செயலிக்கு அறிவித்துத் திருத்தும் முழு ஏற்பாடு உடையதன்று. இணங்காத இரு தகடுகள் நாளொன்றிற்கு ஒருமுறை ஓரெழுத்தைப் பிறழச் செய்யின், அப்பிழை ஆண்டறிக்கையிலோ மாணவனின் ஆய்வேட்டிலோ ஓசையின்றிப் பதிந்துவிடும். கணினி காரணமின்றி நிற்பின் உரியவன் விழித்துக்கொள்வான். ஓசையின்றிப் பிழைப்பதே பெருங்கேடு. ஆதலால் ‘மெம்ரெஸ்ற் 86’ போன்ற சோதனை நிரலையேனும், விண்டோசுடன் வரும் நினைவகச் சோதனையையேனும் ஓரிரவு ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று கண்ட பின்னரே அப்பொறியை நம்புதல் வேண்டும். பிழை காணின் தகடுகளைத் தனித்தனியே பூட்டிச் சோதிக்க. தனித்து நிற்கையிற் பிழையின்றியும் கூடி நிற்கையிற் பிழையோடும் இயங்கின், அவ்விரண்டும் தம்முள் இணங்காதன. புதியதை மாற்றிக்கொள்ளுதலே வழி. மாற்றித் தரும் உறுதியுடன் வாங்குதலின் பயன் இவ்விடத்தே விளங்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், வேகம் வேறுபட்ட நினைவகத் தகடுகள் ஒரே தலைமுறையினவாயும் ஒத்த வோல்ற்றளவினவாயும் இருப்பின் பொதுவாகக் கூடி இயங்கும் என்பதும், அக்கூட்டம் மெல்லியதன் வேகத்தில் நடக்கும் என்பதும், அவ்வாறு நடப்பதால் வரும் இழப்பு அளவு பெருகுவதாலும் தடம் இரட்டிப்பதாலும் வரும் ஊதியத்தினும் மிகச் சிறிது என்பதும், சோதனையின்றி அக்கூட்டத்தை நம்புதல் கூடாது என்பதும் பெறப்பட்டன. ‘கலத்தலாகாது’ என்போர் அஞ்சவேண்டாததற்கு அஞ்சினர். ‘எதுவும் ஓடும்’ என்போர் அஞ்சவேண்டியதற்கு அஞ்சாராயினர். தகட்டின் முகத்தில் எழுதிய எண்ணை அதன் ஓட்டமெனக் கொள்ளாது எல்லையெனக் கொள்வோர், எதனை வாங்குவது எதனைப் பேணுவது என்பதைப் பிறர் சொற் கேளாது தாமே துணிய வல்லராவர்.